விலங்கியல் ரீச்சர் இல்லாத வருடம்

நாங்கள் உயர்தர வகுப்பின் இரண்டாம் வருடத்துக்கு வந்தபோது விலங்கியல் ரீச்சருக்கு வேறு ஊருக்கு மாற்றம் வந்தது. தலைமன்னாரில் இருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலம். மன்னாரில் எங்கள் கன்னியர்மடப் பள்ளிக்கூடத்தில் உயிரியல் படித்தது மூன்றே பேர்: தோட்டவெளியில் இருந்து சைக்கிளில் போன நான், விடுதியில் நின்ற, வெள்ளாங்குளத்தில் வயல் செய்யும் கமக்காரர் மகள், மன்னாரில் மாமா வீட்டில் இருந்து படித்த மறிச்சுக்கட்டிக்காரி.

அதிபராக இருந்த மதர் எங்களைக் கந்தோருக்குக் கூப்பிட்டார். புது ரீச்சர் கேட்டு எழுதியிருப்பதாகவும், ஆள் வருவதற்குள் சோதனையே முடிந்துவிடும் என்றும் சொன்னார். கலைப் பிரிவுக்கு மாறுவதுதான் நல்லது என்றார். அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். எங்களுக்குள் அதிகம் பேசாதவள் மறிச்சுக்கட்டிக்காரி. அவள்தான் சொன்னாள்.

"மாறமாட்டம் மதர். மற்றப் பாடங்களுக்கு ரீச்சர்மார் இருக்கினம். விலங்கியலை நாங்களே ஒருத்திக்கு ஒருத்தி படிப்பிக்கிறம்."

மதர் மேசையில் கிடந்த சாவிக் கொத்தை எடுத்தார். பிறகு, "ஆய்வுகூடத் திறப்பை ஆர் வச்சிருக்கப்போறியள்?" என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கே பாடங்களைப் பங்கு போட்டோம். ஒருத்தி வீட்டில் படித்துக்கொண்டு வந்து கரும்பலகையில் விளங்கப்படுத்த வேண்டும். மற்ற இரண்டு பேரும் கேள்வி கேட்டுத் துளைக்க வேண்டும். மறிச்சுக்கட்டிக்காரி இரத்தச் சுற்றோட்டத்தை விளங்கப்படுத்தியது இன்றைக்கும் மறக்காது. எனக்குக் கிடைத்த நரம்புத் தொகுதியை நான் முதல் நாள் குழப்பியடித்தேன். இரண்டு பேரும் விடவில்லை. அடுத்த நாளும் என்னையே பலகைக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

எழுத்துப் பாடம் ஓடியது. செய்முறைதான் இடித்தது. சோதனையில் சுறாவின் மண்டையைத் திறந்து நரம்புகளைக் காட்டச் சொல்லலாம். சுறாவுக்கு எங்களிடம் பஞ்சமில்லை. அப்பாவின் வலையில் குட்டிச் சுறாக்கள் படும். ஆனால் வெள்ளாங்குளத்துக்காரி மரக்கறிச் சாப்பாட்டு வீட்டுப் பிள்ளை. முதல் சுறாவைத் தட்டில் வைத்த உடனேயே அவள் வெளியே ஓடிப்போய்ச் சத்தி எடுத்தாள். விறாந்தை நிழலில் நின்ற மன்னார்த் தெருக் கழுதைகள்கூட விலகி நின்றன. அன்று பின்னேரம் கலைப் பிரிவுக்கே போறன் என்று அழுதாள். நாங்கள் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

அடுத்த கிழமை அவள் சுறாவைத் தொட மட்டும் தொட்டாள். அதற்கு அடுத்த முறை என் கைக்கு மேல் தன் கையை வைத்துக்கொண்டு கத்தி போகும் வழியைப் பார்த்தாள். சுறாவின் மண்டை எலும்பில்லை, காது மடல் மாதிரி வளையும் கசியிழையம். கத்தியால் மெல்ல மெல்லச் சீவலாம். கொஞ்சம் ஆழமாகப் போனால் நரம்பு அறுந்துவிடும். என் கை எப்போதும் அவசரப்படும். அவளுடைய பயந்த கைதான் அந்த வேலைக்குப் பொருந்தியது. ஒரு நாள் அவள் சீவி முடித்த மண்டையில் வெள்ளை நூல்கள் மாதிரி நரம்புகள் ஒன்றும் அறாமல் கிடந்தன. நாங்கள் இரண்டு பேரும் குனிந்து அவற்றை ஒவ்வொன்றாக எண்ணினோம். அதற்குப் பிறகு சுறா வந்தால் கத்தியை அவளே முதலில் எடுத்தாள்.

செய்முறைச் சோதனை யாழ்ப்பாணத்தில். பூநகரி வழியாக பஸ்ஸில் போனோம். வெள்ளாங்குளத்தில் அவளுடைய அம்மா தெருவில் நின்று, பஸ்ஸை மறித்து, எங்கள் மூன்று பேரின் கையிலும் புட்டுப் பார்சல் தந்தார். சோதனை மண்டபத்தில் பெரிய கல்லூரிப் பிள்ளைகள் எல்லாம் தங்கள் ஆசிரியர்களின் பேரைச் சொல்லிக் கதைத்துக்கொண்டு நின்றார்கள். எங்களுக்குச் சொல்ல ஆளில்லை.

தட்டில் வந்தது சுறாவின் தலை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

என் வேலை பழுதில்லை. ஆனால் வெள்ளாங்குளத்துக்காரியின் மேசையில் பரிசோதகர் நின்றுவிட்டார். குனிந்து பார்த்தார், மற்றப் பரிசோதகரையும் கூப்பிட்டுக் காட்டினார். முடிந்து வெளியே வரும்போது அவளிடம் ஆர் படிப்பித்தது என்று கேட்டார்.

"நாங்களேதான் படிச்சனாங்கள் சேர்," என்றாள் அவள், எங்கள் பக்கம் கையைக் காட்டி.

சோதனை மறுமொழி வந்த நாள் மதர் கந்தோரை விட்டு இறங்கி மணல் முற்றத்தால் ஓடி வந்தார். மதர் ஓடி நாங்கள் ஒருநாளும் கண்டதில்லை. மூன்று பேரும் எல்லாப் பாடமும் சித்தி. விலங்கியலில் என்னைவிட வெள்ளாங்குளத்துக்காரிக்குப் புள்ளி கூட. மருத்துவ பீடம் அவளுக்குக் கிடைத்தது. எனக்கு விஞ்ஞான பீடம். மறிச்சுக்கட்டிக்காரிக்குப் பல்கலைக்கழகம் மயிரிழையில் தவறியது. அவள் கவலைப்பட்டது ஒரு பின்னேரம் மட்டும்தான். நியமனம் வாங்கித் தன் ஊருக்கே விஞ்ஞான ரீச்சராகப் போனாள். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு முதல் விஞ்ஞான ரீச்சர் அவள்தான்.

மறுமொழி வந்த அன்று நான் தோட்டவெளிக்குப் போகாமல் நேரே கடற்கரைக்கு சைக்கிளை விட்டேன். அப்பாவும் ஆட்களும் கரைவலை இழுத்துக்கொண்டு நின்றார்கள். பாஸ் என்று தூரத்தில் இருந்தே சொன்னேன். அப்பா கயிற்றை விடவில்லை, விடவும் முடியாது. ஒரு கையால் என்னைக் கூப்பிட்டார். சீருடையோடு போய் அவருக்குப் பக்கத்தில் கயிற்றைப் பிடித்தேன். வலை கரைக்கு வரும்வரை அவர் ஒவ்வொருத்தரிடமும், "மகள் பாஸ்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.