இறங்காத டீசல்

தொண்ணூறுகளின் நடுவில் கோவை கணபதியில் எனக்கு ஒரு லேத் பட்டறை இருந்தது. தண்ணீர் மோட்டாருக்கான உதிரிகளைக் கடைந்து தாராபுரம் பக்கத்துக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவேன். அதற்கென்று ஒரு பழைய டீசல் வேன் வைத்திருந்தேன். மாதம் இரண்டு தடவை பயணம். கிளம்பும் காலையில் திருச்சி ரோட்டில் ஒரு பங்க்கில் டேங்கை நிரப்பிக்கொள்வேன். பங்க் என் பெரியம்மா மகளின் கணவருடையது. எனக்கு மச்சான் முறை. சொந்தக்காரர் பங்க் இருக்கும்போது வேறு இடத்தில் போய் வண்டியை நிறுத்துவது எங்களில் பெரிய குற்றம். யார் கண்ணிலாவது பட்டுவிட்டால் அடுத்த கல்யாண வீட்டில் பந்தியில் வைத்தே கேட்டுவிடுவார்கள்.

ஒரு ஆவணி மாதம் அந்த டேங்க் மக்கர் செய்ய ஆரம்பித்தது. டீசல் இறங்கவே மாட்டேன் என்றது. குழாயை வைத்து அழுத்தினால் கொஞ்சம் உள்ளே போகும், உடனே களக் களக் என்று வாய் வரைக்கும் ஏறி வெளியே துப்பும். பிடிப்பவர் கையை எடுத்துவிட்டு, அது அடங்கும் வரை காத்திருந்து, மறுபடி கொஞ்சம் விடவேண்டும். ஐந்து நிமிட வேலைக்கு அரைமணி நேரம் ஆனது. பின்னால் லாரிக்காரர்கள் ஹாரனை அடித்து உயிரை எடுத்தார்கள்.

டீசல் பிடித்தவருக்கு முப்பது வயது இருக்கும். தாராபுரம் பக்கம் பெண் எடுத்தவர். பங்க்கின் கணக்குப்பிள்ளை அவருடைய மாமனாருக்குத் தெரிந்தவர். அந்தச் சிபாரிசில் கிடைத்த வேலை. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அன்று அவருடைய காக்கிச் சட்டை முன்பக்கம் முழுக்க டீசலில் நனைந்துவிட்டது.

"ஏனுங்க, உள்ள இருக்கற காத்து வெளிய போக மாட்டேங்குதுங்க. டேங்க்கோட காத்துக் குழாய் எங்கியோ அடைச்சிருக்கும். ஒருக்காப் பாத்துப்போடுங்க" என்றார்.

நியாயமான பேச்சுதான். ஆனால் எனக்கு அது சுருக்கென்று ஏறிவிட்டது. காலையிலிருந்து இரவு வரை பம்பும் வால்வுமாகப் புழங்குகிற எனக்குக் காற்றுக் குழாயைப் பற்றி ஒரு பங்க்காரர் சொல்லித் தருவதா? "நானும் இதே தொழில்தானுங்க. நீங்க ஒழுங்காப் புடிச்சா எறங்கும்" என்றேன். அவர் மறுபடி குழாயை அழுத்தினார்.

அடுத்த பயணத்திலும் அதே கதை. அப்போது என் மண்டையில் வேறு ஒன்று ஓடியது. இவர் வேண்டுமென்றேதான் விட்டுவிட்டுப் பிடிக்கிறார், அந்த இடைவெளியில் அளவில் ஏதோ விளையாடுகிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை, எதையும் பார்க்கவில்லை. நேராக உள்ளே போய் மச்சானிடம், "உங்க ஆளுக்குக் கை சுத்தமில்லீங்க" என்று சொல்லிவிட்டேன்.

மச்சான் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உறவுக்காரன் வாயால் வந்த புகாரை விசாரிப்பது உறவை அவமதிப்பது மாதிரி. "நீங்க சொன்னாச் சரிங்க மாப்ள" என்றார். அன்று சாயங்காலமே அந்த மனிதரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சிபாரிசு செய்த கணக்குப்பிள்ளை, நம் தலை உருண்டுவிடக் கூடாது என்று அவருடைய மாமனாருக்கு ஆள் விட்டுச் சொல்லிவிட்டாராம்: உங்கள் மருமகன் திருடியதால் வேலை போய்விட்டது என்று.

மூன்றாவது தடவை புது ஆள் ஒருவர் டீசல் பிடித்தார். டேங்க் அவர் மேல் துப்பவில்லை. பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்த என் மேல்தான் துப்பியது. வெள்ளைச் சட்டையில் கழுத்து முதல் இடுப்பு வரை டீசல். புது ஆள் பயந்துபோய், "நானொண்ணும் பண்ணலீங்க" என்றார். தாராபுரம் போகாமல் வண்டியைப் பட்டறைக்கே திருப்பினேன்.

முதலில் டேங்க் வாயில் இருந்த சல்லடையைக் கழற்றினேன். தூசிகூட இல்லை. வாயிலிருந்து டேங்குக்குப் போகும் தடித்த ரப்பர் குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். மடிப்போ வெடிப்போ இல்லை. எல்லாவற்றையும் பூட்டிவிட்டுச் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன். டேங்கின் தலைமாட்டிலிருந்து வருகிற விரல் பருமன் காற்றுக் குழாயைக் கையால் தடவிக்கொண்டே போனேன். அதன் நுனியில் ஒரு பித்தளை அடைப்பான் மினுங்கியது. கச்சிதமாகக் கடைந்தது. விளிம்பை மழுக்கி, கழன்றுவிடாமல் இருக்க மேலே கிளிப் போட்டிருந்தது.

கடைந்தவன் நான்தான்.

வைகாசியில் என் மனைவிக்கு மசக்கை. வேனில் ஏறினாலே டீசல் வாடைக்கு வாந்தி எடுப்பாள். வாடை எங்கிருந்து வருகிறது என்று தேடி, இந்தக் குழாய் வாய்தான் என்று கண்டுபிடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அடைப்பான் கடைந்து மாட்டினேன். எங்கள் ஊரில் எது ஒழுகினாலும் எது நாறினாலும் கை தானாக லேத்துக்குப் போய்விடும். வாடை நின்றுவிட்டது, மனைவியும் மெச்சினாள், நானும் மறந்துவிட்டேன். டேங்க் மூடியில் ஒரு சின்னத் துளை இருந்ததால் ஓடும்போது எந்தத் தொந்தரவும் தெரியவில்லை. அந்த ஆனி, ஆடியில் தொழில் மந்தம், ஐந்து லிட்டர் பத்து லிட்டர் என்று கேனில் வாங்கி ஊற்றி ஓட்டினேன். ஆவணியில்தான் மறுபடி முழு டேங்க் பிடித்தது. உள்ளே போகிற டீசலுக்கு இடம் விட்டுக் காற்று வெளியேற வேண்டும். வெளியேற இருந்த வழியை நான் அடைத்துவிட்டு, அந்த மனிதரைத் திருடன் என்று சொல்லியிருக்கிறேன்.

அடைப்பானைப் பிடுங்கினேன். கேனில் இருந்த இருபது லிட்டரைப் புனலில் ஊற்றினேன். ஒரு களக்கும் இல்லாமல் இறங்கியது. வெட்கமாக இருந்தது. வேறு வார்த்தை தேட வேண்டியதில்லை.

மச்சானிடம் போய்ச் சொன்னேன். "அட உடுங்க மாப்ள, போனவன் போயிட்டான்" என்றார். நான் விடவில்லை. கத்தினேன் என்றே சொல்லலாம். கடைசியில், "செரி, வரச் சொல்லுங்க" என்றார். வேலை போனதும் அவர் மாமனார் வீட்டுக்கே போய்விட்டாராம்; கணக்குப்பிள்ளையிடம் ஊரை விசாரித்துக்கொண்டு மறுநாளே கிளம்பினேன்.

தாராபுரம் தாண்டி ஆற்றோரம் ஒரு கிராமம். அந்த மனிதர் தன் மாமனார் வீட்டு வாசலுக்கு வெளியே மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே வைத்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். வேலை திரும்பக் கிடைத்துவிட்டது, எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றேன்.

"வேலைக்கு வாரனுங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அது கெடக்குதுங்க. மாமன் எங்கூடப் பேசி இருவது நாளாச்சுங்க. சோத்துக்குக்கூட உள்ள கூப்புடறதில்லீங்க, வெளியவே கொண்டாந்து வெச்சுப்போடறாங்க. இப்பச் சொன்னத அவருகிட்டச் சொல்லிப்போடுங்க" என்றார்.

மாமனார் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கதவருகே அவருடைய மகள் நின்றாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்: அடைப்பான், மச்சான், என் வாய்க்கொழுப்பு, எதையும் விடவில்லை. முடித்ததும் அவர் எழுந்தார். என்னைக் கடந்து மருமகனிடம் போனார்.

"வாங்க மாப்ள" என்றார். "உள்ள வாங்க. அம்மணி, எலையப் போடு."

மூவரும் உள்ளே போனார்கள். எங்கள் பக்கத்தில் பகையாளி வாசலுக்கு வந்தாலும் "வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் விடமாட்டார்கள். நிலைப்படி தாண்டும்போது அந்தப் பெரியவர் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தார். அந்த வார்த்தையை எனக்குச் சொல்லவில்லை.