இரண்டு மணிக்கு மேல் சோறு கிடையாது

போன மாதம் ஒரு திங்கட்கிழமை மத்தியானம். ஒரு அடுப்பில் மீன் பொரிகிறது. இன்னொரு அடுப்பில் மீன் குழம்பு, அன்றைக்கு மூன்றாவது தடவையாகச் சூடேறிக்கொண்டிருக்கிறது. போன் அடித்தது. கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு எடுத்தேன். டிரைவிங் ஸ்கூல் சிந்து.

எனக்குக் கார் ஓட்டக் கற்றுத் தருகிறவள். எல்லையோரக் கஞ்சிக்கோட்டுக்காரி. ஒரே மூச்சில் தமிழும் மலையாளமும் பேசுவாள், திட்டுவதும் இரண்டிலும்தான். என்னை இத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவாள்.

"இத்தா, உங்க லேர்னர்ஸ் தீரப் போகுது. டெஸ்டுக்கு டேட் எடுத்தாச்சு. நீங்க கிளாஸுக்கு வராம வண்டி மட்டும் தனியாப் போய் ஹெச் எடுக்காது, கேட்டோ."

ஹெச் என்றால் எங்கள் பாலக்காட்டில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன் — மைதானத்தில் இங்கிலீஷ் எழுத்து ஹெச் மாதிரி கம்பிகளை நட்டு வைத்திருப்பார்கள். அதற்குள் காரை முன்னும் பின்னும் ஓட்டி, ஒரு கம்பியும் சாயாமல் வெளியே வர வேண்டும். கம்பி விழுந்தால் வீட்டுக்குப் போகலாம். எனக்கு ஏற்கெனவே ஒரு லேர்னர்ஸ் லைசென்ஸ் இப்படியே காலாவதியாகிவிட்டது. இது இரண்டாவது. இதுவும் போனால்? மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பு இல்லை.

"கார் ஓட்டி எங்கே போகப் போறீங்க?" என்று சில வாசகிகள் கேட்கலாம். பல் டாக்டரிடம், தாயே... ஆட்டோவுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிற பல் டாக்டரிடம்! எங்கள் வீட்டுக் கார் நாள் முழுக்க போர்ட்டிகோவில் நிற்கிறது. ஓட்டத் தெரிந்த மூன்று பேரும் நாள் முழுக்கக் கடையில் நிற்கிறார்கள். கடைவாய்ப் பல்லைப் பிடித்துக்கொண்டு நான் வீட்டில் நிற்கிறேன். பல் டாக்டரின் ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணுக்கு என் குரலே போதும்... "கேன்சல்தானே மேடம்?" என்று அவளாகவே கேட்கிறாள்.

சரி, கிளாஸுக்கு ஏன் போகவில்லை? சாப்பாடு. அதுதான் காரணம். வேறொன்றுமில்லை.

எங்களுடையது பாத்திரக் கடை. மூன்று தலைமுறையாகக் கடைத்தெருவில் இருக்கிறது. கடைக்காரக் குடும்பத்து மத்தியானம் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? கல்லாவைக் காலியாக விட முடியாது. அதனால் ஒருவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனால்தான் அடுத்தவர் வர முடியும். மத்தியானத் தொழுகை லுஹரை முடித்துவிட்டு என் மாமனார் முதலில் வருவார். அவர் போய்க் கல்லாவில் உட்கார்ந்த பிறகு என் வீட்டுக்காரர். அவரும் போய், பார்சல் லாரியும் போன பிறகு என் கொழுந்தன் சாதிக். மூன்று பேருக்கும் சோறு ஆவி பறக்க வேண்டும். மீன் அப்போதுதான் எண்ணெயில் விழ வேண்டும். கடைசித் தட்டைக் கழுவி நான் நிமிரும்போது சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு கேட்கும்.

சிந்துவுக்கு மைதானம் காலியாகக் கிடைப்பதும் அதே மத்தியானத்தில்தான். நான் கிளாஸுக்குப் போனதெல்லாம் வெள்ளிக்கிழமைகளில் மட்டும். ஜும்ஆ தொழுகைக்குக் கடையை அடைப்பார்கள். மூன்று பேரும் ஒன்றாக வந்து, ஒன்றாக உட்கார்ந்து, ஒன்றாகச் சாப்பிட்டு எழுந்துவிடுவார்கள். அன்றைக்கு என் சமையலறை இரண்டு மணிக்கெல்லாம் பளபளவென்று இருக்கும். ஆனால் வாரத்தில் ஒரு நாள் ஓட்டினால் என்ன வரும்? ஒவ்வொரு வெள்ளியும் கிளட்ச் எது என்று புதிதாகக் கேட்பேன். சிந்து என் இடது காலைப் பார்ப்பாள்.

சிந்து போன் செய்த அன்றைக்கே வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். எல்லாருக்கும் என் மேல் எவ்வளவு அக்கறை! வீட்டுக்காரர், கொஞ்சம் சீக்கிரம் எழுந்தால் எல்லாம் முடியுமே என்றார். நான் எழுவதே விடியற்காலை பஜ்ர் தொழுகைக்கு. அதற்கும் சீக்கிரம் எழுவதென்றால் படுக்காமலே இருக்க வேண்டியதுதான். சாதிக், யூடியூபில் 'டைம் மேனேஜ்மென்ட்' வீடியோ ஒன்று அனுப்பினார். அதில் பேசியவருக்கு நிச்சயம் யாரோ சோறு போட்டிருக்கிறார்கள்... முகத்திலேயே தெரிந்தது.

என் மகள் ஷிபானா கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கிறாள். தினமும் மாநில எல்லை வாளையாரைத் தாண்டிப் போய் வருகிறவள். அவள் கொஞ்சம் விவரமாக, எல்லார் போனிலும் ஒரு பேமிலி காலண்டர் ஆப் ஏற்றினாள். ஆளுக்கொரு கலர். எல்லாரும் அவரவர் வேலையைப் போட வேண்டும். எல்லாரும் போட்டார்கள். தாத்தா, லஞ்ச் — பச்சை. அத்தா, லஞ்ச் — நீலம். சின்னத்தா, லஞ்ச் — ஆரஞ்சு. எனக்கு ரோஸ். மத்தியானம் முழுக்க என் ரோஸ் கட்டம் காலியாக இருந்தது. ஆப் என்ன சொன்னது தெரியுமா? அம்மா... ப்ரீ!

அந்த ஆப்பைச் செய்தவனைச் சொல்லிக் குற்றமில்லை. சாப்பிடுகிறவன் பெயரில்தான் சாப்பாடு எழுதப்படுகிறது. போடுகிறவள் எந்தக் கட்டத்திலும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. நன்றாகவே வந்தது. நேரத்தை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று பெண்களுக்கு வகுப்பெடுக்க ஊரே தயாராக இருக்கிறதே... பசியை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று ஆண்களுக்கு ஒருவராவது சொல்லித் தருகிறாரா?

அன்று ராத்திரி எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்தேன். பிறகு சொன்னேன். நாளையிலிருந்து இரண்டு மணிக்கு மேல் சமையலறை கிடையாது. அதற்குப் பிறகு வருகிறவர்களுக்குச் சோறு ஹாட் பாக்ஸில் மேஜை மேல் இருக்கும். எடுத்துப் போட்டுச் சாப்பிடலாம்.

சாதிக் முகத்தைச் சுளித்தார். "ஹாட் பாக்ஸ் சோறு வேர்த்துப் போயிருக்குமே மைனி... எப்படிங்க திங்கறது?"

இதைச் சொன்னது யார்? காலையிலிருந்து சாயங்காலம் வரை ஹாட் பாக்ஸ் விற்கிற மனுஷன்! 'காலையில வெச்ச சோறு சாயங்காலமும் அப்படியே இருக்கும்' என்று வருகிற போகிற வாடிக்கையாளரிடமெல்லாம் அடித்துப் பேசுகிறவர். கல்யாண சீர்வரிசைக்கு என்று அவர் விற்ற ஹாட் பாக்ஸ்கள் எங்கள் பக்கத்துச் சித்தூர் தாலுகா முழுக்கக் குடித்தனம் செய்துகொண்டிருக்கின்றன. எங்கள் வீட்டில் மட்டும் அதில் சோறு வைத்ததில்லை.

அப்படியானால் கேரியரில் கட்டிக் கடைக்கே கொடுத்தனுப்புகிறேன், மூன்று பேரும் பின்பக்கம் உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்றேன். மாமனார் நிமிர்ந்து பார்த்தார். எங்கள் மாமா சத்தம் போட மாட்டார். அவர் மெதுவாகச் சொன்னால் அது தீர்ப்பு.

"கடையில உக்காந்து டப்பா தொறக்கறது சம்பளத்துக்கு நிக்கிறவன் செய்யறதும்மா. மொதலாளி சோறு ஊட்டுலதான்."

கடைத்தெருவில் இது எழுதாத சட்டம். முதலாளி எப்போது சாப்பிட்டார், என்ன சாப்பிட்டார் என்று வாடிக்கையாளருக்குத் தெரியக் கூடாதாம். தெரிந்தால் கடையின் மதிப்பு போய்விடுமாம். வெள்ளிக்கிழமை ஷட்டரை இறக்கிவிட்டு எல்லாரும் வருகிறீர்களே என்று கேட்டேன். அது ஜும்ஆவுக்கு அல்லவா என்றார். சரிதான். தொழுகையோடு என் டிரைவிங் கிளாஸைச் சேர்த்துப் பேச நான் யார்? அந்த ஷட்டர் கீழே இறங்கும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் மாமாவுக்கு வழக்கம்போலப் பரிமாறினேன். மீதியை ஹாட் பாக்ஸில் வைத்து மூடிவிட்டு ஆட்டோ பிடித்து மைதானத்துக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், மூடி திறக்கவே இல்லை. இரண்டு பேரும் ஹோட்டலில் பரோட்டா தின்றிருக்கிறார்கள்! அது மட்டும் கடையின் மதிப்பை ஒன்றும் செய்யவில்லை போலிருக்கிறது. வீட்டுக்காரர் என்னிடம் பேசாமல் பேப்பர் படித்தார். அதுவும் காலையிலேயே படித்து முடித்த பேப்பர்.

பயந்துவிட்டேன் என்றா நினைக்கிறீர்கள்?

அடுத்த நாள் மாமா சாப்பிட்டுப் போனதும், வீட்டுக்காரர் பங்கை மேஜை மேல் மூடி வைத்துவிட்டு, ஹாட் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். நேரே கடைக்கு விடச் சொன்னேன். அங்கே கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு அம்மாவும் கல்யாணப் பெண்ணும் சீர்ப் பாத்திரம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சாதிக் கையில் ஒரு ஹாட் பாக்ஸ். வாயில் வழக்கமான பேச்சு. மாமா கல்லாவில் இருந்தார்; வீட்டுக்காரர் அப்போதுதான் சாப்பிடக் கிளம்பியிருந்தார். நான் கவுண்டரில் என்னுடையதை வைத்தேன். அதே மாடல். அதே நீலக் கலர்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். ஒரு பெண் சொன்னால்தான் நம்புவேன் என்கிற பார்வை.

"ஏனுங்க, இதுல சோறு வேர்க்காதுங்களா?"

சாதிக் கூரையில் தொங்கிய குடங்களை எண்ணுவதுபோல மேலே பார்த்தார்.

நான் மூடியைத் திறந்தேன். ஆவி வந்தது. மூடிக்குக் கீழே விரித்திருந்த வெள்ளைத் துணியை எடுத்துக் காட்டினேன். வேர்வையெல்லாம் அதில்தான் இருந்தது. சோறு பருக்கை பருக்கையாக உதிரியாக இருந்தது. ஒரு துணி, அவ்வளவுதான் ரகசியம். ஹாட் பாக்ஸ் வைத்திருக்கும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். எங்கள் வீட்டு ஆண்கள் மூன்று தலைமுறையாகக் கேட்கவில்லை.

"தம்பி, நீங்க ஒரு வாய் சாப்புட்டுச் சொல்லுங்க, எடுத்துக்கறோம்" என்றார் அந்த அம்மா.

சாதிக் மாமாவைப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்தார். கூடவே கொண்டு வந்திருந்த குழம்பு டப்பாவைத் திறந்தேன். முதலாளி வீட்டுச் சோறு வாடிக்கையாளர் கண் முன்னால், கவுண்டர் மேலே... மாமாவின் முகத்தில் மதிப்புக்கும் வியாபாரத்துக்கும் நடந்த சண்டையை நான் அருகிலிருந்து பார்த்தேன். கடைசியில் அவர் தலையை லேசாக ஆட்டினார். சாதிக் சாப்பிட்டார். ஒரு வாய் அல்ல, முழுத் தட்டு! பாவம், நல்ல பசி. முந்தின நாள் பரோட்டா ஒத்துக்கொள்ளவில்லை என்று பிறகு ஷிபானா சொன்னாள்.

அவர்கள் அந்த ஹாட் பாக்ஸை வாங்கிக்கொண்டு போனார்கள். நான் கிளாஸுக்குப் போனேன்.

அன்றைக்கு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது போன் விடாமல் அடித்தது. வீட்டுக்காரர். சிந்து எடுக்க விடவில்லை. கிளாஸ் முடிந்து கூப்பிட்டால், அவர் வீட்டுக்கு வந்து தானே போட்டுச் சாப்பிட்டுவிட்டாராம்; ஊறுகாய் மட்டும் கிடைக்கவில்லையாம். எங்கே என்று சொன்னேன். இருபத்தோரு வருஷக் குடித்தனத்தில் எங்கள் வீட்டு அலமாரியின் இரண்டாவது தட்டு அவருக்கு அன்றுதான் அறிமுகமானது.

அதன் பிறகு மூன்று வாரம், தினமும் போனேன். இரண்டு மணிக்கு அடுப்பை அணைத்தேன். கடையின் பின்பக்கம் சாப்பிட ஒரு சின்ன மேஜை வந்தது. யார் போட்டது என்று நான் கேட்கவில்லை. கிளட்ச் எது என்று நான் சிந்துவைக் கேட்பதும் நின்றது. ரிவர்ஸில் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கம்பிகளுக்கு நடுவே காரை இழுக்கும்போது எனக்குச் சிரிப்பாக வரும். காரணமே இல்லாமல் அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

போன புதன்கிழமை டெஸ்ட்.

முன்னே போனேன், சரி. பின்னே வந்தேன், சரி. கடைசித் திருப்பம். ஆபீசர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பு வந்தது பாருங்கள்... டங்! கம்பி சாய்ந்தது. அடுத்த வாரம் வாங்க என்றார்கள். சிந்து ஒரு நாரங்கா வெள்ளம் வாங்கிக் கொடுத்தாள். எலுமிச்சை ஜூஸ்தான். ஆட்டோவில் வரும்போது கண் கலங்கியது. அதை மறைக்க ஒன்றும் இல்லை.

வீட்டில் எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள். சாதிக் தானும் முதல் தடவை தோற்றவன்தான் என்றார். இத்தனை வருஷமாக அதைச் சொன்னதே இல்லை. மாமா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"போகட்டும் நூரு, விடு. இத்தனை அலைச்சல் எதுக்கு? நாளைலேர்ந்து சோறு பழையபடி ஊட்டுலயே ஆகட்டும்."

அவர் குரலில் குத்தல் இல்லை. நிஜமான இரக்கம்தான் இருந்தது. அதுதான் ஆபத்து. எதிர்த்துப் பேசினால் நான் எளிதாகச் சமாளிப்பேன். இரக்கப்பட்டால் எழுந்து நேரே அடுப்பைப் பற்ற வைக்கப் போய்விடுவேன். இந்த வீட்டில் என் மத்தியானம் பறிபோனதெல்லாம் இப்படித்தான்... யாரும் அதட்டியதில்லை. நான்தான் எழுந்து போனேன்.

அன்று எழுந்திருக்கவில்லை.

"மாமா, பாஸானா மத்தியானம் எனக்கு, பெயிலானா உங்களுக்குன்னு நாம பேசிக்கவே இல்லீங்களே."

மாமா, நாளைக்கு என்ன மீன் என்று கேட்டார். அயிலை என்றேன்.

அடுத்த டெஸ்ட் வருகிற புதன்கிழமை. மறுபடியும் கம்பி விழலாம். விழட்டும்... அடுப்பு இரண்டு மணிக்கு அணைந்திருக்கும்.