புரட்டாசியில் ஒரு கறி விருந்து

கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் நாச்சம்மாளிடம் வாங்கிய தக்காளியை யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. அழுகலைத் தானே பொறுக்கி எறிந்த பிறகுதான் தராசில் வைப்பாள். அந்தத் தெம்பில் வாயும் கொஞ்சம் நீளம். தம்பி சென்னிமலைக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி டயாலிசிஸ் தொடங்கியபோது, "எங்கிட்ட ரண்டு இருக்குதல்ல, ஒண்ண எடுத்துக்கட்டும்" என்றாள், கத்தரிக்காய்க்கு விலை சொல்லும் குரலில். கணவர் பழனிச்சாமி தடுக்கப் பார்க்கவில்லை. அவள் முடிவெடுத்த பின் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை என்பதைக் கல்யாணமான புதிதிலேயே கற்றுக்கொண்ட மனிதர் அவர்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ரத்த வகை பொருந்திவிட்டது. அடுத்து, அவளுடைய சிறுநீரகங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்க வேண்டும். "ஒண்ணைக் குடுத்த பிறகு மிச்சம் இருக்கிறது உங்களுக்கு ஆயுசுக்கும் போதணும். அது உறுதியானாத்தான் கத்தியை எடுப்போம்" என்றார் டாக்டரம்மா.

சோதனைக்கு முதல் நாள், பஸ்ஸுக்கு வசதி என்று தம்பி வீட்டில் தங்கினாள். தம்பி மனைவி பிரதீபாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. புருஷனைக் காப்பாற்ற வந்தவளுக்கு எதைக் கொடுப்பது? பரீது பாய் கடையில் ஆட்டுக்கறி வாங்கி ஆக்கிவிட்டாள். மாதமோ புரட்டாசி. புரட்டாசியில் முட்டை வாசம் பட்டாலே சந்தையை இரண்டாக்குகிறவள் நாச்சம்மாள். ஆனால் விரித்திருந்தது அவளுக்கென்று ஒற்றை இலை. குடிக்கிற தண்ணீரைக்கூட அளந்து குடிக்கும் தம்பி எதிரில் உட்கார்ந்து, "தின்னுக்கா, உடம்புல தெம்பு வேணுமல்ல" என்றான். வேண்டாம் என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளால் முடியவில்லை. இரவு தின்றாள். காலையிலும் மிச்சக் கறியை இட்லியோடு வழித்துத் தின்றுவிட்டுப் போய் ரத்தம் கொடுத்தாள்.

முடிவு கேட்க நாச்சம்மாளும் பழனிச்சாமியுமாகப் போனார்கள். ரத்தத்தில் கிரியேட்டினின் கூடியிருந்தது. சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ள வேண்டிய கழிவு அது. அது ஏறினால், வடிகட்டும் வேகம் குறைவு என்று கணக்கு.

"இந்த அளவே நிலைச்சா உங்ககிட்ட எடுக்க முடியாதும்மா. ரத்தம் குடுக்கறதுக்கு முன்னால கறி எதுவும் சாப்பிட்டீங்களா? நிறையச் சாப்பிட்டா கொஞ்ச நேரத்துக்கு இது ஏறிக் காட்டும்."

பழனிச்சாமி முந்திக்கொண்டார். "ஏனுங்க, இது புரட்டாசிங்க. எங்கூட்டுக்காரி இந்த மாசம் கறிக்கடைப் பக்கமே திரும்ப மாட்டாளுங்க."

சந்தையையே வாயால் ஆள்கிறவள் புருஷன் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். ஆமாம் என்று தலையாட்டினால் மானம் தப்பும். தம்பி தப்ப மாட்டான். பெருமாளிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று நிமிர்ந்தாள்.

"தின்னனுங்க. ராத்திரியும் தின்னேன், காலையில இட்லிக்கும் தின்னேன்."

"அடிப்பாவி! ஒரு முட்டைக்காகப் போன வாரம் என்னையத் தலை முழுக வச்சயே!" என்றார் பழனிச்சாமி. டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, கறி தொடாமல் வரச் சொல்லி இன்னொரு நாள் குறித்துக் கொடுத்தார்.

மறுபடி ரத்தம் எடுத்தார்கள், அளவு இறங்கியிருந்தது. அதோடு விடவில்லை. ஊசியில் மருந்து ஏற்றி, அதைச் சிறுநீரகங்கள் எவ்வளவு வேகமாக வெளியேற்றுகின்றன என்று ஸ்கேனில் நேராகவே அளந்தார்கள். இரண்டும் ஏறக்குறைய சமமாக, நன்றாகவே வேலை செய்தன. "தாராளமா குடுக்கலாம்" என்றார் டாக்டரம்மா. "நாந்தான் அப்பவே சொன்னனல்லங்க" என்றாள் நாச்சம்மாள்.

தன் விருந்தால்தான் எல்லாம் கெடப் பார்த்தது என்று கேட்டதும் பிரதீபா ஓவென்று அழுதாள். "இனி இந்தக் கையால கறியே ஆக்க மாட்டேன் அண்ணி."

"அழுகாத புள்ள. கறி நல்லாத்தான் இருந்துச்சு. தனியாத் தின்னதுதான் தொண்டையில எறங்கல" என்றாள் நாச்சம்மாள். "ஆபரேசன் முடிஞ்சு, டாக்டரம்மா சரின்னு சொன்னதும் மறுக்கா ஆக்கு. அன்னைக்கு ரண்டு எலை போடு."