பூரணம் கேட்ட இரண்டு சொற்கள்

அரியாலைப் பூரணத்துக்குத் தெரிந்த இங்கிலிஷ் சொற்கள் சொற்பம். ‘டேஞ்சர்’ மின்கம்பத்துத் தகரத்தில் மண்டையோட்டுக்குக் கீழே இருப்பது. ‘அவுட்’ பொடியள் கிரிக்கெட்டில் கத்துவது. அவுட் ஆனவன் திரும்ப விளையாட வரமாட்டான்.

அறுபத்து நாலாம் ஆண்டு, விடிய வலையோடு கடலுக்குப் போன புருஷன் நடராசாவை வழியில் பனை வடலிக்குள் புடையன் பாம்பு தீண்டியது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரவு முழுக்க அவள் வார்டு வாசலில் குந்தியிருந்தாள். காலையில் தெற்கத்திச் சிங்கள டொக்டர் வெளியே வந்தார். தமிழ் தெரியாதவர். அவளைப் பார்த்து, “அவுட் ஒவ் டேஞ்சர்” என்றுவிட்டு நடந்தார். கூட நின்ற தாதி மிஸ்ஸியும் பின்னாலேயே போய்விட்டாள்.

பூரணம் தனக்குத் தெரிந்த இரண்டு சொற்களையும் சேர்த்துப் பார்த்தாள். உள்ளே எட்டிப் பார்க்கத் துணிவில்லை. புருஷனின் தமையன் சண்முகநாதன் வந்ததும், “அண்ணை, எல்லாம் முடிஞ்சுது. டொக்டரே சொல்லிப்போட்டார்” என்றாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு, ஊருக்குச் சொல்லச் சைக்கிளை மிதித்தார். தனித்திருந்த பூரணம் சேலைத் தலைப்பால் நெற்றிப் பொட்டை அழித்தாள். நாலு பிள்ளைகளின் முகங்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணுக்குள் வந்து நின்றன.

அப்போதுதான் மிஸ்ஸி பத்மாவதி திரும்பி வந்தாள். “அம்மா, அவருக்குத் தேத்தண்ணி கொண்டு வாங்கோ.”

“ஆருக்கு?”

“உங்கடை மனுசனுக்குத்தான். ஆபத்துக் கடந்திட்டார் எண்டு டொக்டர் சொன்னவரெல்லே?”

“அவர் டேஞ்சர் எண்டார், அவுட் எண்டார்…”

“ஐயோ! எங்கடை பேச்சிலை ஆபத்து முன்னுக்கு வரும், இங்கிலிஷிலை பின்னுக்கு வரும். ஆபத்தை விட்டு வெளியிலை எண்டுதான் அர்த்தம்.”

உள்ளே வீங்கிய காலோடு கிடந்த நடராசா அவளைக் கண்டு, “ஏனடியப்பா நெத்தி வெறுமையாக் கிடக்குது?” என்றார். அவள் கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் அமர்ந்துவிட்டாள்.

மத்தியானம் ஒப்பாரியோடு வந்த ஊர்ச்சனத்தை வாசலிலேயே மறித்துச் சமாளித்தவர், அவர்களுக்கு முன்னமே திரும்பி வந்து தம்பி உயிரோடிருப்பதைக் கண்ட சண்முகநாதன்தான்.

அதன்பின் மகள் இராசமலரின் இங்கிலிஷ் பாடப் புத்தகத்தைப் பூரணமும் எழுத்துக் கூட்டினாள். ஆனால் பயம் விட்டுப்போகவில்லை. எண்பதாம் ஆண்டில் மகளின் பேறுகாலத்தின்போதும் ஆஸ்பத்திரி வாசலில் டொக்டரை மறித்து, “டொக்டர், மகள் லைவ்? பிள்ளை லைவ்?” என்று கேட்டாள். டொக்டர் சிரிக்கவில்லை. “ரெண்டு பேரும் சுகம், அம்மா” என்றார் தமிழில். அவள் அதை இன்னொருமுறை சொல்லச் சொன்னாள்.