ரெஹான் ராவிய டப்பா

என் அக்கா அஸ்மத்துன்னிசாவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் ரெஹான், இளையவன் ஜைத். மயிலாப்பூரில் நாங்கள் எல்லோரும் ஒரே வீடு. ரெஹானுக்குக் கை முந்தும், பேச்சு பிந்தும். பதினான்கு வயதில் பெரியப்பா மகனின் முன்பல் இரண்டை உடைத்தான். கார் ஏ.சி. வேலைக்குப் போன இடத்தில் முதலாளியின் மச்சானை ஸ்பேனரால் அடித்து விலா எலும்பை முறித்தான். போன வருஷம், கட்டிய மனைவி ரூஹியையே அறைந்தான். காதில் ரத்தம் வந்தது. அவள் கே.கே. நகரில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஐந்து மாதம் கழித்து நான்தான் போய்ப் பேசி அழைத்து வந்தேன். வாசலிலேயே நின்று சொன்னாள்: "மாமு, நீங்க சாட்சி. இவர் இன்னொரு வாட்டி யார் மேல கை வெச்சாலும் நான் கெளம்பிடுவேன். அப்புறம் நீங்க வந்து கூப்பிடக் கூடாது."

கை சும்மா இருந்தால்தானே வம்பு என்று ரெஹான் ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டு வந்தான். கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டுடியோ கழித்துப் போட்டது. ஜைத்தைவிட வயதில் மூத்தது. அதில் பிளாப்பி டிஸ்க் போடும் டிரைவ் செத்திருந்தது. அதன் இடத்தில், மெமரி கார்டைச் செருகினால் பிளாப்பி மாதிரியே நடித்து அந்தக் கிழட்டு மெஷினை ஏமாற்றும் ஒரு சின்ன போர்டு வாங்கினான். அதற்கு டப்பா, தி. நகரில் பிளாஸ்டிக்கை உருக்கி அச்சடித்துத் தருகிற கடையில் எடுத்தது. போர்டு உட்காரவில்லை. உள்ளே ஒரு முளை இடித்தது. மெமரி கார்டு நுழையும் வழி விரற்கடை தள்ளியிருந்தது. நான்கு நாள் அரம் போட்டு ராவினான். ஆக்சா பிளேடை அடுப்பில் காய்ச்சிப் புது வழி அறுத்தான். விரலெல்லாம் காயம். கச்சிதமாக உட்கார்ந்ததும் கறுப்புப் பெயிண்ட் அடித்து, காயட்டும் என்று மொட்டைமாடியில் சுவரோரத் தரையில் வைத்துவிட்டுத் தூங்கப் போனான். மே மாத மத்தியானம்.

எழுந்து போய்ப் பார்த்தால் டப்பா நெளிந்து, மூடி வாயைப் பிளந்து கிடந்தது. ஜைத் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தான்.

"இன்னாடா பண்ண? மிதிச்சியா?"

"நான் ஏன் பாய் மிதிக்கப் போறேன்? உன் பொம்மை வூட்ட நான் தொடவே இல்ல."

"பொம்மை வூடா?"

முதல் குத்து வாயில். இரண்டாவது மூக்கில், எலும்பு நொறுங்கிய சத்தம் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது. விழுந்தவனின் தலையைப் பிடித்துத் தரையில் மோதினான். ஓடிப்போய் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். முழங்கையால் ஒரு இடி, சுருண்டுவிட்டேன்.

தரையில் கை ஊன்றி எழுந்தபோது, டப்பா மேல் என் கை பட்டது. சுட்டது. அழுத்தினேன், மெழுகு மாதிரி அமுங்கியது.

"டேய், இங்க வந்து தொட்டுப் பார்ரா. வெயில்ல இளகிக்கீது. எவனும் மிதிக்கல."

தொட்டான். அவன் விரலும் பதிந்தது.

சத்தம் கேட்டு ரூஹி மேலே வந்தாள். ஜைத் ரத்தத்தைத் துப்பிவிட்டு அண்ணியிடம் முந்திக்கொண்டான்: "ஒண்ணுமில்ல பாபி, படியில வழுக்கிட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன்.

"பொய் சொல்றான். நான்தான் அடிச்சேன்" என்றான் ரெஹான். "அவன் மேல தப்பே இல்ல."

ரூஹி துப்பட்டாவால் ஜைத்தின் மூக்கை அழுத்திப் பிடித்தாள். "ஆட்டோ கூப்பிடுங்க மாமு. ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போறேன். அங்கேர்ந்து அப்படியே எங்க அம்மா வீட்டுக்கு."

ரெஹான் வழியை மறிக்கவில்லை. நானும் இதுவரை கே.கே. நகர் பக்கம் போகவில்லை.