மறுபாதி ஜெபம்

"மே, மாதா வணக்க மாதம். இன்றும் பாதி ஜெபம்."

என் பழைய ஜெபப் புத்தகத்தின் பின்னட்டையில் பென்சிலால் நான் எழுதி வைத்த குறிப்பு இது. ஆண்டு குறிக்காமல் விட்டிருக்கிறேன். ஆனாலும் அது 1943தான். ஜப்பானியர் சியாமில், அதாவது தாய்லாந்தில், போட்ட ரயில் பாதைக்கு எங்கள் தோட்டத்தில் ஆள் பிடித்தது அந்த ஆண்டு உயிர்ப்புத் திருநாள் முடிந்த பிறகு. திருநாள் ஏப்ரல் 25இல் வந்தது. எந்த ஆண்டிலும் அதைவிடப் பிந்தி அது வர முடியாது என்று பின்னாளில் படித்தேன். அப்போது மலாயாவை ஆண்ட ஜப்பானியரின் காகிதங்களில் அதே ஆண்டுக்கு 2603 என்று பெயர்.

அப்போது நான் புக்கிட் செலம்பாவ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், கலியாணமாகாத தங்கையாக அண்ணன் வீட்டில் இருந்தேன். வயது இருபதை ஒட்டி. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் கத்தோலிக்கர் வீடுகள் இரண்டே: எங்களுடையது, அடுத்தது. இரண்டுக்கும் நடுவே இருந்த பலகைத் தடுப்பு கூரைவரை போகாது. மேலே விறகு அடுக்கும் பரண் இரு வீட்டுக்கும் பொது மாதிரி நீண்டு கிடக்கும். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் வாழ்த்துவார்கள்.

பங்குச் சாமியார் வருவது அரிதாகிவிட்டதால் ஜெபமாலையை வீட்டிலேயே சொன்னோம். மங்கள வார்த்தை ஜெபத்தின் முன்பாதியை அண்ணி இந்தப் பக்கம் சொல்லுவார். பின்பாதியை அந்தப் பக்கத்து அக்காவும் அவர் கணவரும் சொல்லுவார்கள். கடிகாரங்களை டோக்கியோ நேரத்துக்கு மாற்றச் சொன்ன பிறகும் அண்ணி பொழுது சாய்ந்தால்தான் தொடங்குவார். "மாதாவுக்கு ஜப்பான் மணி தெரியாதுலா" என்பார்.

அக்காவின் கணவரைச் சியாமுக்குப் பிடித்துப் போன நாளில் அண்ணன் மலேரியாக் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். தோட்டத்துக் கணக்கரான கிராணி எட்டிப் பார்த்துவிட்டு, நடக்க முடியாதவன் எதற்கு என்று விட்டுப் போனார். மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் எல்லாருக்கும் கேட்க அக்கா சொன்னார்:

"உன் புருஷனுக்கு மட்டும் சரியா அன்னைக்குக் காய்ச்சல் வந்துச்சு பாரு!"

"காய்ச்சல நாங்க கடையில போயா வாங்கிட்டு வந்தோம்?" என்றார் அண்ணி.

அதோடு பேச்சு நின்றது. அண்ணி அவித்த மரவள்ளிக்கிழங்கை என் கையில் கொடுத்தனுப்பினார். அக்கா தட்டை வாங்கவில்லை. அன்று மாலை அண்ணி முன்பாதியைச் சொல்லி நிறுத்தியபோது தடுப்புக்கு அந்தப் பக்கம் பதில் இல்லை. நான் பின்பாதியைத் தொடங்கினேன். அண்ணி கையமர்த்தினார்.

"கொஞ்சம் பொறு."

பொறுத்தோம். அடுப்பில் விறகு வெடிக்கும் ஓசைதான் கேட்டது. பிறகு நானே சொன்னேன். ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணிக்கும் அப்படித்தான்: ஒவ்வொரு முன்பாதிக்குப் பிறகும் அண்ணி இடம் விட்டார். எனக்கு முழங்கால் வலித்தது.

இரண்டாம் நாள், "சியாமுக்குப் போன பக்கத்து வீட்டு அண்ணனுக்காக" என்று அண்ணி முதல் பத்து மணியை ஒப்புக்கொடுத்தார். உடனே தடுப்புக்கு மேலாக வந்தது:

"சத்தமா சொன்னாத்தான் மாதாவுக்குக் கேக்குமோ?"

அண்ணிக்கு முகம் சிவந்தது. பதிலுக்குப் பதில் சொல்லக்கூடியவர்தான். ஆனால் மறுநாள் முதல் அதே வேண்டுதலை மெதுவான குரலில் சொன்னார். சொல்லாமல் விடவில்லை.

இதற்கிடையே மறுபடி ஆள் பிடிக்கிறார்கள் என்ற செய்தி வந்தது. அண்ணன் இப்போது நடக்கக்கூடியவர். ரப்பர் பால்மரக் காட்டில் ஒளிந்தவர்களை நாய் வைத்துத் தேடினார்களாம். எங்களுக்கு இருந்த ஒரே இடம் பரண். அங்கே ஒளிப்பதை அடுத்த வீட்டுக்குத் தெரியாமல் செய்ய முடியாது. தன் கணவர் போய்விட்டார், இவர் மட்டும் இருக்கிறார் என்று எரிகிற ஒரு பெண்ணின் தலைக்கு மேலேதான் அண்ணன் படுத்திருக்க வேண்டும்.

"அந்த அக்கா காட்டிக் கொடுத்துட்டா?" என்று அண்ணியிடம் கேட்டேன்.

"கொடுக்காது" என்றார். ஆனால் அன்று சோறு வடித்த கஞ்சியைக் கையில் ஊற்றிக்கொண்டார்.

வந்தார்கள். கிராணியும், துப்பாக்கியோடு ஜப்பானியச் சிப்பாய் ஒருவனும். அண்ணன் சுங்கைப் பட்டாணிக்கு அரிசி வாங்கப் போயிருப்பதாக அண்ணி சொன்னார். கிராணி நம்பவில்லை. அடுத்த வீட்டுக்குள் நுழைந்து, "இங்க பாரு, அவன் எங்கேன்னு நீ சொல்லு" என்றார். நாங்கள் தடுப்பின் இந்தப் பக்கம் பலகை இடுக்கு வழியே பார்த்து நின்றோம்.

அப்போது பரணில் அண்ணன் இருமினார். விறகுத் தூசி. அடக்கிப் பார்த்து முடியாமல் வந்த இருமல்.

அது முடிவதற்குள் அக்கா இருமத் தொடங்கினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வீடே அதிர இருமினார். "சளி ஐயா, நெஞ்செல்லாம் சளி... தள்ளி நில்லுங்க, ஒட்டிக்கும்!" சிப்பாய் என்ன என்று கேட்க, கிராணி நோய் என்று ஜாடை காட்டினார். இருவரும் வெளியே போனார்கள். அக்கா வாசல்வரை பின்னாலேயே போய் இருமியது கேட்டது. "அவன் காலையிலயே பட்டணத்துக்குப் போயிட்டான், நான்தான் பாத்தேனே!"

அவர்கள் அடுத்த லயத்துக்குப் போன பிறகு அண்ணி தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தடுப்புக்கு மேலே அக்காவின் குரல், நாள்கணக்கில் பேசாத குரல், இப்படி வந்தது:

"தங்கச்சி! உன் வீட்டுக்காரருக்குச் சுக்குத் தண்ணி வச்சுக் குடு. நான் ஒருத்தி எத்தன பேரு இருமல இருமுறது?"

அண்ணி மரவள்ளிக்கிழங்குத் தட்டை என்னிடம் நீட்டினார். இம்முறை தட்டு காலியாகத் திரும்பியது.

பொழுது சாய்ந்ததும் அண்ணி முன்பாதியைச் சொல்லி வழக்கம்போல் இடம் விட்டார். பின்பாதி அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. இருமியே குரல் கட்டிப்போயிருந்தது. என் முழங்கால் அன்று வலிக்கவில்லை. புத்தகத்தின் பின்னட்டையில் "முழு ஜெபம்" என்று எழுதினேன்.

அன்பைப் பற்றிய பிரசங்கங்கள் நிறையக் கேட்டிருக்கிறேன், நூல்களும் படித்திருக்கிறேன். உறவு தழைக்க என்ன பேச வேண்டும் என்றே அவை பெரும்பாலும் சொல்கின்றன. அண்ணி பேசியது கொஞ்சம். குழாயடியில் பேசியது வீண். பதில் வராது என்று தெரிந்தும் ஒவ்வொரு மாலையும் அந்த இடத்தை அவர் காலியாக வைத்திருந்தார். நானாக இருந்தால் முதல் நாளே நிரப்பியிருப்பேன். பிறகு, திரும்பி வர அக்காவுக்கு ஏது வழி? நம் ஆண்டவரும் நம்மோடு அப்படித்தான் நடந்துகொள்கிறார் என்று நம்புகிறேன்.

அக்காவின் கணவர் போர் முடிந்த பிறகு உயிரோடு வந்தார், எலும்பும் தோலுமாக. எந்த நாள் என்பதைத்தான் என்னால் எழுத முடியவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் என்பார் அக்கா. பொங்கல் கழிந்து என்பார் அண்ணி. வந்தவரையே நான் கேட்டதற்கு, "அதான் வந்துட்டேன்ல தங்கச்சி, தேதி எதுக்கு?" என்றார். அவர் வந்த மாலையில் பின்பாதியை இரண்டு குரல்கள் சொன்னதை நான் கேட்டேன். அந்த நாளின் தேதி இன்னும் உறுதியாகவில்லை.