நான்கு சிலிண்டரிலும் திருநீறு

போர்மன் அண்ணனை நினைத்தால் கண் முன்னால் அந்த டப்பாதான் வருகிறது. பழைய கேமரா பிலிம் சுருள் வைக்கும் சின்னக் கறுப்பு டப்பா. சாம்பல் நிற மூடி. அவருடைய சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். தைப்பூசத்துக்குத் தைப்பூசம் கோயில் திருநீற்றால் அதை நிரப்பிக்கொள்வார். மலேசியாவில், கூலாயில் பழைய கார்களைப் புதுப்பிக்கும் எங்கள் பட்டறையில் அவர்தான் மேலாள்; கழற்றிப் புதுப்பித்த எந்த எஞ்சினும் அவர் கையால் மூன்று கோடு வாங்காமல் காருக்குள் இறங்காது. அவர் சூடம் ஏற்றும்போது நானும் கைகூப்பி நின்றிருக்கிறேன். பின்னால் நடந்ததற்கு என்னைச் சாமி இல்லாதவள் என்று சொன்னார்கள். அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை அறுத்தவர். அம்மா உதிரிப்பழம் பொறுக்கியவர். இரண்டு பேருக்கும் கையெழுத்து என்றால் பெருவிரல்தான். வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவள் நான். அதற்கு மேலும் போய் வாகனத் தொழில்நுட்பத்தில் டிப்ளோமா வாங்கியவளும் நான்தான். பட்டறையில் சேர்ந்த முதல் நாள் போர்மன் அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "டிப்ளோமாவ ரேடியேட்டர்ல ஊத்துனா வண்டி ஓடுமா லா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "ஓடாதுண்ணே. ஆனா ரேடியேட்டர் ஏன் கொதிக்குதுன்னு சொல்லும்," என்றேன். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு குறைவு. அவருக்குத் தகரமும் பெயிண்டும், எனக்கு எஞ்சின்.

நான் சொல்ல வந்தது ஒரு மோரிஸ் மைனர் காரைப் பற்றி. அது தங்காக் ஊரில் துணிக்கடை வைத்திருப்பவருடையது. அவருடைய அப்பா ஓட்டிய கார். கொட்டகையில் கிடந்து, உட்கார்ந்தால் காலடியில் தரை தெரியும் அளவுக்குத் துரு தின்றிருந்தது. மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் அதில்தான் வந்து இறங்க வேண்டும் என்பது அவர் ஆசை. போர்மன் அண்ணன் புதுத் தகரம் வெட்டி அடித்தளம் முழுவதையும் பற்றவைத்தார். எஞ்சினை முதலாளி என்னிடம் கொடுத்தார். அவர் சீனர், நாங்கள் தவுக்கே என்போம். முதல் திருகிலிருந்து கடைசித் திருகு வரை என் பொறுப்பில் விடப்பட்ட முதல் எஞ்சின் அது. சிலிண்டரைக் கடைந்து, புதுப் பிஸ்டன், புது ரிங் போட்டு, எண்ணெய் தடவி, மேல்மூடி மட்டும் பாக்கி என்ற நிலையில் பிளாஸ்டிக் தாளால் போர்த்திவிட்டுச் சாப்பிடப் போனேன். அது வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம்.

திரும்பி வந்து தாளை எடுத்துவிட்டு, மூடி பொருத்தும் முன் ஒருமுறை கிராங்கைச் சுற்றினேன். பட்டுப்போல் சுற்ற வேண்டியது, பல்லில் மணல் அகப்பட்டதுபோல் நறநறத்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். சிலிண்டரின் எண்ணெய்ச் சுவரில் சாம்பல் நிறத்தில் வளையம். விரலால் தொட்டு முகர்ந்தேன். கோயில் வாசம்.

போர்மன் அண்ணன் மறைக்கவில்லை. பெருமையாகத்தான் சொன்னார். "கல்யாணக் காரும்மா. வெளிய பூசுனா போதாதுன்னு நாலு சிலிண்டர்லயும் போட்டு விட்டேன்."

திருநீறு நெற்றிக்குப் பூசத்தான் மெல்லியது. பிஸ்டன் ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே போனால் அது உப்புத்தாள். புது எஞ்சின் ஆறு மாதத்தில் நீலப் புகை கக்கும். எல்லாவற்றையும் திரும்பக் கழற்ற வேண்டும் என்றேன்.

"ஒரு சிட்டிகைதானே. சாமி பேரச் சொல்லி மூடு. நாலு எழுத்து படிச்சதும் சாமி வேணாமா ஒனக்கு?"

"சாமி வேணும்ணே. சிலிண்டர் உள்ள வேணாம்."

சத்தம் கேட்டுத் தவுக்கே வந்தார். இது யார் செய்த வேலை என்று மலாயில் கேட்டார். நான் போர்மன் அண்ணனைப் பார்த்தேன். அவர் சுத்தியலை எடுத்துக்கொண்டு தன் பக்கம் நடந்துவிட்டார். கிழவனைக் காட்டிக்கொடுத்து என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளும் எண்ணம் எனக்கு வரவில்லை. இரக்கத்தால் அல்ல. அவரே சொல்ல வேண்டும் என்ற வீம்பு. "எஞ்சின் என் பொறுப்பு, தவுக்கே. கழற்றாமல் மூட மாட்டேன்," என்று மட்டும் சொன்னேன்.

ஒவ்வொரு பிஸ்டனாக வெளியே எடுத்தேன். எண்ணெய் போகும் துளைகளைக்கூட ஊசித் தூரிகையால் கழுவி, வெள்ளைத் துணியில் கறை படாத வரை துடைத்தேன். திங்கட்கிழமைதான் முடிந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள். துணிக்கடைக்காரர் பட்டறைக்கே வந்து, ஒரு பெண்ணை நம்பிக் கொடுத்தது என் புத்திகெட்டதனம் என்றார். மறுநாள் தவுக்கே என்னை எஞ்சினிலிருந்து எடுத்து, தகரத்தில் பூசிய பட்டியை உப்புத்தாளால் தேய்க்கும் வேலையில் போட்டார், போர்மன் அண்ணனுக்குக் கீழே.

இரண்டு மாதம் தேய்த்தேன். நகக்கண்ணெல்லாம் பட்டித்தூள். இன்னொரு காரின் டிக்கி மூடிக்கு அவர் கடைசிப் பெயிண்ட் அடித்த நாள் அது. தூசி எழாமலிருக்கத் தரையெல்லாம் தண்ணீர் தெளித்து, எங்களை வெளியே நிறுத்திவிட்டு அடித்தார். காய்ந்ததும் சாய்ந்து சாய்ந்து பார்த்தார். ஓரத்தில் கடுகளவுகூட இல்லாத ஒரு தூசி, பெயிண்டுக்குள் அகப்பட்டிருந்தது. உப்புத்தாளை எடுத்து முழு மூடியையும் தேய்க்கத் தொடங்கினார்.

நான் சொன்னேன்: "ஒரு தூசிதானேண்ணே. சாமி பேரச் சொல்லி விட்டுடலாமே."

கை நின்றது. என்னைப் பார்த்தார். பிறகு மாலைவரை தேய்த்தார்.

மறுநாள் காலைத் தேநீர் நேரத்தில், எல்லாரும் உட்கார்ந்திருக்க, எழுந்து நின்று தவுக்கேயிடம் தன் உடைந்த மலாயில் சொன்னார்: அந்த எஞ்சினில் சாம்பல் போட்டது நான். இந்தப் பெண் செய்தது சரி. தவுக்கே தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, எஞ்சின் பக்கம் போகச் சொல்லி எனக்குக் கையைக் காட்டினார்.

போர்மன் அண்ணன் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் அந்தக் குத்தலுக்காகக் கேட்கவில்லை. வயசாளியிடம் அப்படிப் பேசலாமா என்று அம்மா இன்றும் வருத்தப்படுகிறார். பேசலாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு எஞ்சினுக்கும் அவர் என் எஞ்சின் பகுதித் தடுப்புக்கு வெளியே நின்று, "மூடியாச்சா?" என்று கேட்பார். "மூடியாச்சுண்ணே," என்று நான் சொல்லும்வரை டப்பாவைப் பிடித்த கை பையிலிருந்து வெளியே வராது.

இப்போது அவர் பெக்கான் நானாஸ் ஊரில் மகள் வீட்டில் இருக்கிறார். எஞ்சின் பகுதிக்கு நான்தான் பொறுப்பு. துணிக்கடைக்காரர் என்னை மன்னிக்கவில்லை. அந்தப் பெண்ணால்தான் என் மகள் வாடகைக் காரில் வந்தாள் என்று இன்னமும் ஊரெல்லாம் சொல்கிறார். சரிதான், என்னால்தான். ஆனால் வருடா வருடம் எண்ணெய் மாற்ற மருமகனிடம் அந்த மோரிஸைக் கொடுத்து என்னிடம்தான் அனுப்புகிறார். போன வாரமும் வந்தது. சைலன்சர் வாயில் வெள்ளைத் துணியைப் பிடித்துப் பார்த்தேன். ஒரு சொட்டு எண்ணெய்க் கறையில்லை.

வேலையை விட்டுப் போன நாளில் போர்மன் அண்ணன் யாரிடமும் சொல்லாமல் அந்தக் கறுப்பு டப்பாவை என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். தைப்பூசத்துக்கு இப்போது நான்தான் அதை நிரப்புகிறேன். இன்று காலை ஓர் எஞ்சினை முடித்தேன். மேல்மூடியின் கடைசித் திருகையும் இறுக்கி, துணியால் துடைத்து, கையைக் கழுவினேன். வெளியே நின்று கேட்க யாரும் இல்லை.

"மூடியாச்சுண்ணே," என்றேன். அதற்குப் பிறகுதான் டப்பாவைத் திறந்தேன்.